ஒட்டுக்குச்சி கைமாறிய கதை

திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லிக்காரர், அதாவது இன்றைய பூந்தமல்லி. ராமானுஜருக்கு மூத்தவர், வைணவ மரபுக் கணக்கில் 11-ம் நூற்றாண்டு. சொந்த நந்தவனத்தில் பூ வளர்த்து, மாலை கட்டி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை வாழ்நாள் கைங்கர்யமாக வைத்திருந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. இன்றைய நெடுஞ்சாலையில் அது 50 கிலோமீட்டருக்கு மேல். கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்தி என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம். சென்னையின் மேற்குப் புறநகரில், விற்பனைக்காக இல்லாமல் ஆசைக்காகச் செடி வளர்த்தவர்களின் பட்டியலை யாராவது எழுதினால் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும்.

அடுத்த பெயருக்குப் பல நூற்றாண்டுகள் தாண்ட வேண்டும். 1763-ல் செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனியோடு வந்த மருத்துவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நோயாளிகளைப் பார்ப்பது சம்பள வேலை. செடி வளர்ப்பது அவருக்குப் பித்து. சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து, அந்த வியாபாரத்தில் ஸ்பெயினுக்கு இருந்த ஏகபோகத்தை உடைப்பது திட்டம். கடைசியில் வந்து சேர்ந்த பூச்சி மட்டரகமானது என்பதால் திட்டம் தேறவில்லை. ஆனால் ஆண்டர்சன் இன்னொரு காரியமும் செய்துவந்தார். முசுக்கட்டைக் குச்சிகளை மாகாணத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்த அதிகாரிகளுக்கு அனுப்பி, நட்டீர்களா, பிழைத்ததா என்று கேட்டு எழுதினார். வந்த பதில்களைத் தன் கடிதங்களோடு சேர்த்து அச்சிட்டார். குச்சியை அனுப்பு, பலனை எழுது, எல்லோரும் படிக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டை, அவர் 1809-ல் இறந்த பிறகு, ஒரு சங்கமே எடுத்துக்கொண்டது.

மெட்ராஸ் அக்ரி-ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 1835-ல் தொடங்கியது. முன்மாதிரிகள் இருந்தன. லண்டனில் 1804-ல் ஒரு புத்தகக் கடையில் கூடிய சிலர் தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். கல்கத்தாவில் 1820-ல் பாதிரியார் வில்லியம் கேரி அதே பாணியில் ஒன்று தொடங்கியிருந்தார். மெட்ராஸில் முன்னால் நின்றவர் ராபர்ட் வைட். இவரும் ராணுவ மருத்துவர்தான். தென்னிந்தியத் தாவரங்களை ஆயிரக்கணக்கான படங்களோடு பதிவு செய்தவர். அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற உள்ளூர் ஓவியர்கள். வைட் அவர்கள் பெயரைத் தன் நூல்களில் அச்சிட்டார், கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். அந்தக் காலத்துத் துரைமார்களில் இது அபூர்வம். மண்வெட்டி பிடித்த தோட்டக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

சங்கத்தின் வேலை முறை இன்றைய எந்த மாடித்தோட்டக் குழுவுக்கும் புரியும். உறுப்பினர் சந்தா கட்டுவார். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் விதை, கன்று, கிழங்கு பங்கிடப்படும். வளர்த்தவர்கள் விளைவைச் சொல்வார்கள். காய், கனி, பூக் கண்காட்சி நடக்கும். பரிசு உண்டு, அதற்கான பொறாமையும் உண்டு. செயலாளர் பதவி கௌரவப் பதவி. 1850-களில் அதில் இருந்தவர் ஹியூ கிளெக்கார்ன், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். 1853-ல் சங்கத் தோட்டத்தில் இருந்த அத்தனை செடிகளுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து வெளியிட்டார்: எது உள்ளூர்ச் செடி, எது வெளியிலிருந்து வந்து இந்த மண்ணில் ஊன்றிக்கொண்டது என்ற விவரத்தோடு. மூன்றே ஆண்டில் அரசு அவரை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக்கியது. ஆண்டர்சன், வைட், கிளெக்கார்ன் மூவரும் டாக்டர்கள் என்பது தற்செயல் இல்லை. மருந்து என்றால் அன்று பெரும்பாலும் செடிதான்.

ஆசைக்குத் தோட்டம் போட்டவர்கள் மலையிலும் இருந்தார்கள். ஊட்டியில் 1840-களின் நடுவில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் சில ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் தொடங்கின. அது சரியாக ஓடவில்லை. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வரவழைக்கப்பட்டு, இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் தாவரவியல் பூங்கா உருவானது. குன்னூர் மலைப்பாதையில் இருக்கும் பர்லியார் பழத்தோட்டம் இன்னும் சுவையான கதை. கோவை கலெக்டராக இருந்த ஈ.பி. தாமஸ் 1857-ல் தன் சொந்த ஆசைக்கு அதைப் போட்டார். மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு என்று வெப்ப மண்டல மரங்களாக நட்டார். 1871-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1900-ல் கீழே கல்லாறில் இன்னொரு பண்ணை வந்தது. கலெக்டர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். தாமஸின் ஆட்சித் திறமையை இன்று யாரும் பேசுவதில்லை. பர்லியார் மங்குஸ்தான் மட்டும் சீசனுக்குச் சீசன் பேசப்படுகிறது.

மெட்ராஸ் சங்கத்துக்குக் கதீட்ரல் சாலையில் இருபது ஏக்கருக்கும் மேல் தோட்டம் இருந்தது. நகரம் அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வளர்ந்தது. 1962-ல் அதில் ஒரு பகுதியில் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலைப் பழைய சென்னைக்காரர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வார்கள். காரில் உட்கார்ந்தபடியே இட்லி, வடை, காபி. அந்த இடம் ஒரு தோட்டக்கலைச் சங்கத்தின் குத்தகை நிலம் என்பது சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. எதிர்ப்புறம் எஞ்சியிருந்த நிலத்தையும், நெடிய வழக்குகளுக்குப் பின் 2023-ல் அரசு தன்வசம் எடுத்தது. 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா ஆனது. நிலத்தின் மதிப்பை நாளிதழ்கள் ஆயிரம் கோடி என்று எழுதின. 1835-ல் விதை பங்கிடக் கூடிய சங்கத்தின் பெயர் கடைசிக் காலத்தில் செய்தியில் வந்ததெல்லாம் சர்வே எண்ணோடும் கோர்ட் தேதியோடும்தான். எந்தத் தரப்பு நியாயம் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொண்டது. செடி வளர்ப்பவர்கள் யோசிக்க வேண்டியது வேறு: சங்கத்தின் கையில் சொத்து எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு விதையைப் பற்றிய பேச்சு அங்கே குறைந்துவிடுகிறது.

பழ மரமும் அதைச் சுற்றிய பேச்சும் இதற்கிடையே மேற்கே நகர்ந்திருந்தன.

அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாயின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி; அதில் பாதிக்கு ஓட்டு வீடோ தளம் போட்ட வீடோ; மீதி மண். கொரட்டூர், வெங்கடாபுரம், திருமுல்லைவாயில், பட்டாபிராம் பக்கம் அந்தக் காலத்து வீடு ஒன்று மிச்சமிருந்தால் போய்ப் பார்க்கலாம்: முன்பக்கம் தென்னை இரண்டு, கிணற்றடியில் வாழை, பக்கவாட்டில் கொய்யா, மதிலோரம் முருங்கை, கொல்லையில் ஒரு மாமரம். நெல்வயல் களிமண்ணில் மா சுணங்கும் என்பது ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும். குழியில் செம்மண்ணும் மணலும் கொட்டி மேடாக்கித்தான் நட்டார்கள். தெற்குச் சீமையிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் லீவுக்கு ஊர் போய்த் திரும்பும்போது ஒட்டுக் கன்றையோ பதியனையோ ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்குக் கன்று தருவதும் வழக்கமாக இருந்தது. ருமானியும் பங்கனபள்ளியும் கிளிமூக்கும் ஒரே தெருவில் இப்படித்தான் சேர்ந்தன. சங்கம் கிடையாது, சந்தா கிடையாது. ஷிஃப்ட் முடிந்து வரும் ஒருவர் இன்னொருவர் வீட்டு மதிலருகே சைக்கிளை நிறுத்தி, “பிஞ்சு கொட்டுதே, என்ன பண்ணீங்க?” என்று கேட்டால் அதுதான் கூட்டம்.

அந்த மதிலோரப் பேச்சில் இருந்த அறிவு லேசுப்பட்டதல்ல. சப்போட்டாவை எடுத்துக்கொள்ளலாம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். விதையில் முளைத்தது காய்க்கப் பல வருஷம் இழுக்கும். பழமும் தாய்மரம் மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நம் ஊர் உலர் காடுகளில் தானாக வளரும் பாலை மரத்துக் கன்றை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் நெருக்கு ஒட்டாக சப்போட்டாவைக் கட்டுகிறார்கள். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கடலோரக் கோயில் காடுகளில் சிறுவர்கள் பறித்துத் தின்னும் மஞ்சள் பாலைப் பழத்தின் வேர் கீழே, மெக்சிகோ வழிப் பழம் மேலே. அந்த மரத்தின் அடியைக் கூர்ந்து பார்த்தால் ஒட்டு விழுந்த இடத்தில் பட்டையின் நிறமே மாறுவது தெரியும். பெரியகுளத்தில் 1957-ல் தொடங்கிய பழ ஆராய்ச்சி நிலையம் சப்போட்டாவில் வெளியிட்ட பிகேஎம் ரகங்கள் புறநகர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. அரசு ஆராய்ச்சி என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் தெரிந்த முகவரி திரூர். ஆவடியைத் தாண்டி திருவள்ளூர் போகும் ரயில் பாதையில், 1942 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஊர். டிகேஎம் 9 அரிசி அங்கே பிறந்தது. வேளாண் அறிவியல் நிலையமும் இப்போது அங்கே இருக்கிறது.

ஆராய்ச்சி தோட்டத்துக்கு வந்துசேர மதிலோரப் பேச்சும் வேண்டும். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் புதுவகை மாவுப்பூச்சி தென்பட்டது. கொஞ்ச நாளிலேயே மாநிலம் முழுக்கப் பரவி, பப்பாளி, மரவள்ளி, முசுக்கட்டை, செம்பருத்தி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. தெருவுக்குத் தெரு மருந்து அடித்தார்கள். பூச்சி திரும்பத் திரும்ப வந்தது. 2010-ல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கினார்கள். கடுகை விடச் சிறியது. வேளாண் பல்கலைக்கழகம் வழியாக அது இலவசமாக விநியோகிக்கப்பட்டது. விட்ட இடங்களில் சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. ஒரு நிபந்தனை உண்டு: மருந்து அடிக்கக் கூடாது, அடித்தால் குளவி முதலில் சாகும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்று ஒரு தோட்டக்காரரிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது தோட்டம் வைத்தவர்களுக்குத் தெரியும். யார் சொன்னாலும் கேட்காதவர், பக்கத்து வீட்டுப் பப்பாளி தேறியதைப் பார்த்தால் கேட்பார். ஆர்வலர் கூட்டங்களால் ஆகிற காரியம் இதுதான். கொய்யாவிலும் மாவிலும் புழு வைக்கும் பழ ஈக்குத் துளசி இலையைக் கசக்கிப் பொறி வைப்பதும் இப்படியே பரவியது. துளசியில் இருக்கும் மெத்தில் யூஜினால் ஆண் ஈக்களை இழுக்கும். பண்ணைகளில் கடையில் வாங்கி வைக்கும் பொறியிலும் அதே சரக்குதான்.

பிறகு மனைகள் சுருங்கின. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; ஆவடி 2019-ல் தானே மாநகராட்சியானது. ஒரு கிரவுண்டு வீடு இடிந்து நான்கு, ஆறு ஃபிளாட் எழும்பும்போது மாமரத்துக்கு இடமில்லை; கார் நிற்க வேண்டுமே. நின்ற மரங்களிலும் நிறைய 2016 டிசம்பர் வர்தா புயலில் வேரோடு சாய்ந்தன. ஆசை மொட்டைமாடிக்கு ஏறியது. 2007-ல் வரத் தொடங்கிய பசுமை விகடன் போன்ற இதழ்கள் இயற்கை விவசாயத்தை நகரத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தன. 2013-14-ல் தோட்டக்கலைத் துறை சென்னைக்கும் கோவைக்கும் மானிய விலையில் மாடித்தோட்டப் பைகளைக் கொடுத்தது. கத்தரி, வெண்டையில் தொடங்கியவர்கள் இரண்டாம் வருஷம் பழத்துக்குப் போனார்கள். நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, தேங்காய் நார்க் கழிவும் செம்மண்ணும் மண்புழு உரமும் நிரப்பி, அதில் அத்தி, மாதுளை, எலுமிச்சை, ஜம்பு நாவல், டிராகன். கிண்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் ஒருநாள் வகுப்பு நடத்துகிறது. மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்காவும் நாற்றங்காலும் உண்டு. மற்றபடி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வாட்ஸ்அப் குழுவும்தான்.

இந்தக் கூட்டங்களில் மிகவும் பயன்படும் தகவல் எதை வளர்க்கலாம் என்பதல்ல, எதை வளர்க்க முயன்று காசைக் கரியாக்க வேண்டாம் என்பதே. பர்லியாரின் ஈரக் காற்றுக்குப் பழகிய மங்குஸ்தானும் ரம்புட்டானும் ஆவடி மே மாதத்து வெயிலிலும் உப்பேறிய போர்த் தண்ணீரிலும் இலை விளிம்பு கருகி நிற்கும். படத்தைக் காட்டி விற்கும் நர்சரிக்காரர் இதைச் சொல்ல மாட்டார். சென்னைச் சுற்றுவட்டார நர்சரிகளுக்கு வரும் கன்றுகளில் பெரும்பகுதி ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருவது; மேலே கட்டிய அட்டைக்கும் உள்ளே இருக்கும் ரகத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது மூன்று வருஷம் கழித்துக் காய்க்கும்போதுதான் தெரியும். நம்பகமான ஒரே வழி, தின்று பார்த்த மரத்திலிருந்து குச்சி வாங்குவது. கலிபோர்னியாவில் 1968-ல் அபூர்வப் பழ ஆர்வலர்கள் தொடங்கிய சங்கம் இன்றும் வருஷா வருஷம் ஒட்டுக்குச்சிப் பரிமாற்றம் நடத்துவது இதனால்தான்.

மா ஒட்டும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம். மாங்கொட்டை காய்ந்தால் முளைக்காது; பழம் தின்ற சில வாரங்களுக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். அது பென்சில் கனம் ஏறியதும் வேர்ச்செடி தயார். தாய்மரத்தில் மூன்று, நான்கு மாதமான நுனிக் கிளை ஒன்றைத் தேர்ந்து, இலைப் பரப்பை மட்டும் கத்தரித்துக் காம்பை விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் காம்புகள் தாமாக உதிர்ந்து நுனி மொட்டு பருத்து வரும். அப்போது வெட்டினால்தான் குச்சிக்கு உயிர்த்துடிப்பு இருக்கும். வேர்ச்செடியின் தலையைக் கிள்ளி நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவிச் செருகி, பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது சேரும்படி வைத்து, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மேலே ஈரம் போகாமலிருக்க ஒரு தொப்பி. அதற்கு நாடெங்கும் ஒட்டுக்காரர்கள் பயன்படுத்துவது சிறுவர்கள் உறிஞ்சும் பாக்கெட் ஐஸ் கவர்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். இரண்டு, மூன்று வாரத்தில் கவருக்குள் செம்பு நிறத் தளிர் தெரிந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. ஆடி, ஆவணியின் ஈரக் காற்று இதற்கு உகந்தது. கத்திரி வெயிலில் செய்தால் பத்தில் இரண்டு தேறினால் பெரிது. எத்தனை வீடியோ பார்த்தாலும், கத்தி எவ்வளவு சாய்வாகப் போக வேண்டும் என்பதை இன்னொருவர் பக்கத்தில் நின்று மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினால்தான் கை பழகும்.

இந்த ஆர்வலர் கூட்டங்கள் சங்கமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. ஏழு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். விதிமுறை, ஆண்டுப் பொதுக்குழு, வரவு செலவுக் கணக்கு, பதிவாளருக்கு அறிக்கை. ஏழு பேர் சுலபமாகக் கிடைப்பார்கள். கணக்கு எழுத ஒருவர் கிடைப்பதுதான் பாடு. பதிவு செய்யாத கூட்டத்தில் ஒருவர் வீட்டுத் திண்ணையும் ஒருவர் ஃபோனுமே அலுவலகம். அவர்களில் ஒருவர் மகனோடு வெளியூர் போனால் எல்லாம் அதோடு முடிந்தது. கிளெக்கார்ன் அச்சிட்ட பட்டியலைப் போல ஒன்று, அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ, எந்தத் தெருவில் எந்த மரம், எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த மாதம் காய்க்கும் என்று யாரிடமாவது எழுதி இருக்கிறதா? பதிவு அலுவலகத்துக்குப் போவதைவிட அந்த நோட்டு அவசரம். அதற்கு ஏழு பேர்கூட வேண்டாம்.

பழைய வீடுகள் வேகமாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் தெருவில் ஒரு கொல்லை மாமரம் இருந்து, அந்த வீட்டை பில்டருக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறதென்றால், அக்ரிமென்ட் கையெழுத்தாவதற்குள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள். அந்த மரத்தை நட்ட அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் பேசவும் செய்வார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நுனிக் கிளைகளில் இலையைக் கத்தரித்துவிட்டு வாருங்கள். பத்து நாள் கழித்துப் போய் ஒரு டஜன் குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, ஒட்டுக் கட்டத் தெரிந்த நாலு பேருக்கு அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். நாலு பேரில் ஒருவர் கையிலாவது பிடிக்கும்.